கூண்டு இறக்கிய பிறகு

பதினோராவது வருஷம், ஜிப்மரில்,
டாக்டர் மீனலோசனி என் ஃபைலை மூடி
ரப்பர் பேண்ட் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.
"இனிமே நீங்க வர வேணாம், குப்புராஜ்."
என் கழுத்தைத் தடவிப் பார்த்த விரல்களில்
சானிட்டைசர் ஈரம் இன்னும் காயவில்லை.

"குணமாயிடுச்சா?"
"நோய் இல்லை."
"அதைத்தாங்க கேட்டேன்."
"அதைத்தான் சொன்னேன்" என்று சிரித்தார்.
வாசலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம்.
அரியாங்குப்பம் பாலம் தாண்டியும்
இல்லை என்ற அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டிருந்தேன்.
வந்தது என்றால் நேற்று.
வரும் என்றால் நாளை.
இல்லை என்றால் எப்போது?
நேற்று இல்லை, இன்றைக்கு இல்லை, நாளைக்கு இல்லை,
மூன்றுக்கும் ஒரே சட்டை.
எந்த நாளுக்கு அளவெடுத்து
எனக்கு மாட்டிவிட்டார் டாக்டர்?

கன்னியக்கோயிலில் குடித்தவர்கள் ஏறினார்கள்.
ஒருவன் என் தோளில் சாய்ந்து தூங்கினான்,
நாளையைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லாமல்.

எனக்குத் துறைமுகத்தில் வேலை.
சென்னையிலிருந்து தகவல் வந்தால்
கம்பத்தில் கூண்டு ஏற்ற வேண்டும். ஒன்று, மூன்று,
தானே வந்த ராத்திரி பத்து வரைக்கும் போனது.
அப்புறம் இறக்கச் சொல்வார்கள்.
இறக்கு என்பார்களே தவிர
புயல் தீர்ந்தது என்று இதுவரை ஒரு தகவலிலும் வந்ததில்லை.
சிங்காரத்தோப்புப் பையன்கள் ஐஸ் பெட்டியோடு நின்று கேட்பார்கள்:
"கடல் சரியாயிடுச்சாண்ணே?"
"கூண்டு இறக்கியாச்சு" என்பேன்.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
அவ்வளவு போதும் அவர்களுக்கு; போவார்கள்.
இறக்கிய கூண்டை யாரும் தூக்கி எறிவதில்லை.
துரு சுரண்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்து,
ஷெட்டில் வைத்திருக்கிறேன்.

ஹபிபுல்லா ஞாபகம் வந்தது.
நெல்லிக்குப்பத்துக்காரர், எனக்கு அடுத்த கட்டில்.
ஒரே மருந்து, ஒரே வாந்தி, ஒரே மொட்டைத்தலை.
அஞ்சு வருஷம் முடிந்ததும் பிரியாணி போட்டார்.
"தாண்டினது தாண்டினதுதான் குப்பு,
இனி அது நம்ம தெருப்பக்கமே வராது."
"அஞ்சுன்னு யார் சொன்னா? ஆறுல வராதா?" என்று கேட்க
வாயெடுத்தேன். எலும்பைக் கடித்துக்கொண்டேன்.
ஒன்பதாவது வருஷம், ஆலை ரோட்டில்,
பின்னால் வந்த கரும்பு லாரி.
துக்கத்துக்குப் போனேன்.
அவர் மனைவி அழுகைக்கு நடுவில்
என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து சொன்னார்கள்:
"அந்த நோய் கடைசி வரைக்கும் திரும்பி வரலை தம்பி."
அதில் ஒரு பெருமை இருந்தது.
அப்போதுதான் விளங்கியது:
ஹபிபுல்லா குணமாகிவிட்டார்.
சத்தியம் பண்ணிச் சொல்லலாம், இனி மாறாது.
எனக்கு அப்படியொரு சர்டிபிகேட்
இப்போதைக்கு வேண்டாம்.

பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது
கை தானாகக் கழுத்துக்குப் போனது.
ஷேவிங்கில், தூக்கத்தில், சாமி கும்பிடும்போது,
பதினோரு வருஷமாகப் போகிற கை.
ஃபைலை மூடினார்கள், சரி.
இந்தக் கையிடம் யார் சொல்வது?

வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில்
ஒரு பை தொங்குகிறது.
ரெண்டு லுங்கி, டம்ளர், துண்டு, பிளாஸ்க்.
"அட்மிட்னா ஓடக் கூடாது, எடுத்துட்டுப் போகணும்"
என்று சுகந்தி அன்றைக்குக் கட்டி வைத்தது.
பொங்கலுக்குப் பொங்கல் துவைத்து மறுபடி மடித்து வைப்பாள்.

விஷயத்தைச் சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் உலையில் அரிசி போட்டாள்.
ராத்திரி எதிர்வீட்டுச் செங்கேணி ஓடி வந்தாள்,
மகளுக்கு வலி கண்டுவிட்டது, வெந்நீருக்குப் பாத்திரமில்லை.
சுகந்தி ஆணியிலிருந்து பையை இறக்கி
பிளாஸ்க்கை எடுத்துக் கழுவிக் கொடுத்தாள்.
"நீயே வச்சுக்க, திருப்பித் தர வேணாம்."

செங்கேணி தெருவைத் தாண்டியிருப்பாள்.
இவள் வாசல்வரை போய்க் குரல் கொடுத்தாள்:
"அவசரமில்லடி,
மெதுவாக் குடு."